பெயர் பொறிக்கப்படாத கற்கள்



சனிக்கிழமை காலை என்றால் எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் வகுப்பு என்பது எழுதப்படாத சட்டம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டில் அகற்றப்பட்ட பின்னும் இந்தச் சட்டம் மாறவில்லை. நான் அதற்கு எதிரி அல்லள். ஆயினும், மாதத்தில் ஒரு சனிக்கிழமையையாவது என் மகனுக்கென ஒதுக்கிவிடுவேன். காலையிலேயே பட்டர்வொர்த்தில் படகேறிவிடுவோம். கையில் ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி, ஒரு குடை, ஒரு குறிப்பேடு. அவ்வளவுதான். ஜோர்ஜ்டவுன் நகரமும் அதன் பின்னே எழுந்து நிற்கும் கொடிமலையும் எங்களுக்கு ஒருநாள் வகுப்பறை.

ஜோர்ஜ்டவுன் 2008-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் மலாக்காவுடன் சேர்ந்து உலக மரபுடைமை நகரமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டது. 2012-இல் லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் சக்கரெவிச் ஆர்மேனியன் தெருச் சுவரில் வரைந்த, மிதிவண்டியில் செல்லும் இரு சிறார்களின் ஓவியம் இந்நகரத்தை மேலும் புகழ்பெறச் செய்தது. அதன்முன் நின்று படமெடுக்க மக்கள் வரிசை பிடிக்கின்றனர். நாங்களும் ஒருமுறை நின்று எடுத்துக்கொண்டோம். ஆனால், நாங்கள் தேடிப் போகும் இடங்கள் வேறு. சௌராஸ்தா சந்தையின் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகள், மரங்கள் அடர்ந்த பழைய கல்லறைத் தோட்டம், கடலைப் பார்த்து நிற்கும் கோட்டைச் சுவர், தாவரவியல் பூங்காவிலிருந்து மலையுச்சிக்கு ஏறும் பாதை ஆகியவையே அவை. இவ்விடங்களுக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை, கூட்டமும் இல்லை. கேள்விகள் மட்டும் நிறையக் கிடைக்கும்.

சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் எங்கள் வீட்டு வரிசையில் குடியிருக்கும் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் அழைத்துச் சென்றேன். அன்று அந்தப் பையன் கேட்ட ஒரு கேள்வியும், அன்றிரவு அவன் தந்தை கேட்ட மற்றொரு கேள்வியுமே இக்கட்டுரையை எழுத வைத்தன.

பெயர் உள்ள கல்

நாங்கள் முதலில் சென்றது ஜாலான் சுல்தான் அகமட் ஷாவில் உள்ள பழைய புரோட்டஸ்டண்டு கல்லறைத் தோட்டம். கெம்போஜா மரங்களின் வெண்ணிறப் பூக்கள் கல்லறைகளின்மீது உதிர்ந்து கிடந்தன. இங்கேதான் பிரான்சிஸ் லைட் துயில்கிறார். 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கையகப்படுத்தி, வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயரிட்டவர் அவர். 1794 அக்டோபரில் இறந்தார்.

லைட்டைப் பற்றிய கதையொன்று பினாங்கில் அனைவருக்கும் தெரியும். கரையோரக் காட்டை வெட்ட ஆட்கள் தயங்கினராம். லைட் பீரங்கியில் வெள்ளிக்காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுடச் செய்தாராம். காசைத் தேடி ஓடியவர்கள் காட்டை வெட்டித் தீர்த்தனராம். நான் இக்கதையைச் சொல்லி முடித்ததும் அந்தப் பையன் கேட்டான்:

"டீச்சர், அப்போ காட்டை வெட்டினவங்க பேரு எங்க எழுதியிருக்கு?"

நான் கல்லறைக் கற்களைச் சுற்றிப் பார்த்தேன். கப்பல் தலைவர்கள், வணிகர்கள், அதிகாரிகள், காய்ச்சலில் மாண்ட அவர்களின் இளம் மனைவியர், குழந்தைகள் என எத்தனையோ பெயர்கள். அவன் கேட்ட பெயர்கள் அங்கே இல்லை. "வா, அவர்கள் செய்த வேலையைக் காட்டுகிறேன்" என்று சொல்லிப் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன்.

கைதிகளின் கைவேலை

கார்ன்வாலிஸ் கோட்டை முதலில் நிபோங் மரங்களால் அமைக்கப்பட்ட வெறும் வேலிதான். இன்று நாம் காணும் செங்கல் கோட்டையின் கட்டுமானம் 1804-ஆம் ஆண்டளவில் தொடங்கியது. கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். அங்கிருந்து சற்று நடந்தால் வெண்ணிறத் தூண்களுடன் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம் நிற்கிறது. இராணுவப் பொறியாளர் இராபர்ட் ஸ்மித்தின் மேற்பார்வையில் 1816-இல் தொடங்கி 1818-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கும் கைதிகளின் உழைப்பே பயன்பட்டது. தீவின் சாலைகளிலும் அவர்களின் உழைப்பு உண்டு.

கம்பெனி ஆட்சியில் வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களில் நாடுகடத்தல் தண்டனை பெற்றவர்களைக் கடல் கடந்த குடியேற்றங்களுக்கு அனுப்புவது வழக்கம். பினாங்கு அவற்றுள் முதன்மையான ஒன்று. 1825-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் சிங்கப்பூரில் வந்திறங்கிய முதல் கூட்டத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த 80 பேர் இருந்தனர். அவர்களுள் ஒருவர் பெண். சிங்கப்பூரின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயமும் இன்றைய இஸ்தானா மாளிகையும் இந்தியக் கைதிகள் கட்டியவை. அங்கிருந்த கைதிகள் முகாம் 1873-இல் கலைக்கப்பட்டது. தண்டனைக் காலத்தின் ஒரு பகுதியைக் கழித்தவர்களுக்கு அனுமதிச் சீட்டுக் கிடைத்தது; அவர்கள் தாமே தொழில் செய்து பிழைக்கலாம். அவ்வாறு இம்மண்ணிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு.

ஆயுள்தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் அவர்களின் குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பும் கொடுமையும் அக்காலத்தில் இருந்தது. 1849-இல்தான் அது ஒழிக்கப்பட்டது. கல்லில் பெயர் பெறாதவர்கள், நெற்றியில் குற்றத்தைப் பெற்றார்கள்.

மருதுவின் மகன்

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில், விரிவுரையாளர் ஒருவர் பாடத்தின் இடையே ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "சின்ன மருதுவின் மகன் நம் பினாங்கில் இருந்தார்." மணி அடித்துவிட்டது. அவர் மேற்கொண்டு விளக்கவில்லை. நானும் நெடுங்காலம் அதனை நம்பவில்லை. பின்னர்த் தேடிப் படித்தபோதுதான் அது மெய்யென அறிந்தேன்.

பாளையக்காரர் போரை நம் பிள்ளைகள் திரைப்படத்தின் வழி அறிவார்கள். வீரபாண்டிய கட்டபொம்மன் 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். திரைப்படம் அத்தோடு முடிந்துவிடும். வரலாறு முடியவில்லை. எஞ்சிய போராளிகளுள் எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டனர். அவர்கள் அனுப்பப்பட்ட இடம் இந்தப் பினாங்குத் தீவு. சிவகங்கையின் அரசராயிருந்த வேங்கை பெரிய உடையணத் தேவரும் அவர்களுள் ஒருவர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி மற்றொருவர். அவருக்கு அப்போது ஏறத்தாழ 15 வயது.

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி 1830-இல் தம் நினைவுக் குறிப்புகளை நூலாக வெளியிட்டார். போருக்கு முன் சின்ன மருதுவுடன் பழகியவர் அவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவரிடமே கற்றதாக எழுதுகிறார். அதே மருதுவை எதிர்த்துப் போரிடும் நிலையும் அவருக்கு வந்தது. 1818-இல் பினாங்கிற்கு வந்த வெல்ஷைத் தேடி ஒருவர் வந்தார். தளர்ந்துபோன தோற்றம். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. வந்தவர் தம் பெயரைச் சொன்னார்: துரைசாமி.

"1801-இல் பதினைந்து வயது என்றால் 1818-இல் எத்தனை?" என்று பிள்ளைகளைக் கேட்டேன்.

"முப்பத்திரண்டு" என்றாள் சிறியவள். சற்று யோசித்து, "எங்க அப்பாவைவிடச் சின்னவரு, டீச்சர்" என்றாள்.

செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம் கட்டி முடிக்கப்பட்டதும் அதே 1818-ஆம் ஆண்டுதான். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று கொள்ள வேண்டா. ஒரே ஆண்டில், ஒரே சிறு தீவில், கைதிகளின் கையால் ஒரு தேவாலயம் நிமிர்ந்தது. நாடுகடத்தப்பட்ட ஓர் இளைஞர் முதியவரைப் போல் குனிந்து நின்றார். பிள்ளைகளுக்கு நான் காட்ட விரும்பியது அதுதான்.

ஆனால், ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும் அல்லவா? கைதிகளாக வந்த எல்லாரும் துரைசாமி அல்லர். கொலை, கொள்ளை, திருட்டுக் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவர்களே மிகுதி. அவர்களுள் தமிழர் அல்லாதாரும் ஏராளம். இதையும் சொன்னேன். அப்போதுதான் பையன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"அப்படின்னா நாமெல்லாம் கைதிங்க வம்சமா, டீச்சர்?"

தமிழர் இங்கே பல வழிகளில் வந்தார்கள் என்று விளக்கினேன். லைட் வருவதற்கு முன்பே தமிழ் முஸ்லிம் வணிகர்களான சூலியர் கெடாவில் வணிகம் செய்தனர். அவர்களின் தலைவர் காதிர் முகைதீன் தொடங்கிய பள்ளிவாசல்தான் 1801-இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1833-இல் குயின் தெருவில் மகா மாரியம்மன் ஆலயம் எழுந்தது. நகரத்தார் வட்டித் தொழிலுக்கு வந்தனர். 1894-இல் அவர்கள் தருவித்த வெள்ளித்தேர் தைப்பூசத்திற்கு முந்திய நாள் தண்ணீர்மலை நோக்கி ஊர்வலம் வரும். எங்கள் முன்னோர் கங்காணியுடன் தோட்டத்திற்கு வந்தனர். இவர்களோடு கைதிகளும் வந்தனர். பையன் தலையாட்டினான். அவன் முகம் மட்டும் தெளியவில்லை.

தந்தையின் கேள்வி

அன்றிரவு அவன் தந்தை தொலைபேசியில் அழைத்தார். கட்டுமானக் குத்தகைத் தொழில் செய்பவர், மரியாதை தெரிந்தவர்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. கடாரத்தை ஜெயிச்ச ராஜேந்திர சோழன் கதையைச் சொல்லி நான் பிள்ளையை வளர்க்கறேன். நீங்க கைதிங்க கதையைச் சொல்லி அனுப்பறீங்க. நம்ம பசங்களைப் பத்தி வெளியில ஏற்கெனவே என்ன பேசறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? இது வேற எதுக்கு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனெனில், அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நம் இளைஞர்களைக் குற்றத்தோடு சேர்த்தே பேசும் வாய்களை நானும் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு தம் மகனைத் தொடக்கூடாது என்று ஒரு தந்தை நினைப்பதில் தவறென்ன?

"அடுத்த மாதம் நீங்களும் எங்களோடு வாருங்கள், ஐயா. நடந்துகொண்டே பேசலாம்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் வந்தார்.

மலையேற்றம்

அம்முறை மலையில் தொடங்கினோம். தாவரவியல் பூங்கா 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் அவர்களால் உருவாக்கப்பட்டது. அதற்குமுன் அவ்விடத்தில் கருங்கல் உடைத்தனர். பூங்காவின் அருகிலிருந்து உச்சிக்குச் செல்லும் செங்குத்தான சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். தூரம் சிறிது, ஏற்றம் பெரிது. கண்களைச் சுற்றி வெள்ளை வளையமிட்ட கருங்குரங்குகள் கிளைகளில் அமர்ந்து எங்களைப் பார்த்தன. வழியிலுள்ள ஓய்விடத்தில் சூடான தேநீர் கிடைத்தது. மலையேறுவோருக்காகத் தன்னார்வலர்கள் நடத்தும் இடம். சீனர், மலாய்க்காரர், தமிழர் என எல்லாரும் ஒரே பலகையில் அமர்ந்து இளைப்பாறுகின்றனர்.

கொடிமலைத் தொடரின் மிக உயர்ந்த இடம் 833 மீட்டர். 1788-லேயே லைட் இம்மலைக்குக் குதிரைப் பாதை வெட்டச் செய்தார். காய்ச்சலுக்கு அஞ்சிய ஐரோப்பியர் குளிர்ச்சியை நாடி மேலே பங்களாக்கள் கட்டினர். மலை இரயில் 1923-இல்தான் ஓடத் தொடங்கியது. அதுவரை நடக்க இயலாத துரைமாரையும் அவர்களின் மனைவியரையும் டோலியில் அமர்த்தி மனிதர்களே தோளில் சுமந்தனர். கையை வீசி நடந்த எங்களுக்கே மூச்சு வாங்கியது. சுமந்தவர்களை எண்ணிப் பாருங்கள்!

உச்சியில் உள்ள முருகன் ஆலயத்தில் வணங்கிவிட்டு, நிழலில் அமர்ந்தோம். கீழே நகரமும் கடலும் அப்பால் கெடாவின் நீல மலைகளும் தெரிந்தன. அப்போது அவரிடம் என் மனத்திலிருந்ததைச் சொன்னேன்.

"ஐயா, அதோ தெரிகிறதே, அதுதான் நீங்கள் சொன்ன கடாரம். இராஜேந்திர சோழனின் படை அங்கே வந்தது 1025-ஆம் ஆண்டளவில். அந்தப் படையில் துடுப்புப் போட்டவனின் பெயரை நாம் அறிவோமா? அரசனை மட்டும் நம் முன்னோர் என்கிறோம். துடுப்புப் போட்டவனை, கல் சுமந்தவனை, கைதியை வேண்டாம் என்கிறோம். உண்மையில் அரசன் வந்தான், வென்றான், திரும்பிப் போனான். இங்கேயே இருந்து சாலை போட்டவன் மற்றவன்தான்."

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சரிதான் டீச்சர். ஆனா, பையன் பள்ளிக்கூடத்துல போய்ச் சொன்னா சிரிப்பாங்களே" என்றார். அந்தக் கவலை அவரை விட்டுப் போகவில்லை.

சுவர் சொன்ன பதில்

மலை இரயிலில் இறங்கி, உணவுண்டு, மாலையில் கோட்டைக்குச் சென்றோம். பிள்ளைகள் பீரங்கிகளைப் பார்க்க ஓடினர். அவர் மட்டும் சுவரருகே நின்றுவிட்டார். செங்கல் வரிசையைக் கையால் தடவினார். இணைப்பில் விரல் நகத்தால் மெல்லச் சுரண்டினார்.

"இது சுண்ணாம்புச் சாந்து, டீச்சர். சிமெண்டு இல்லை. அங்க பாருங்க, அது பிற்காலத்துல பழுது பார்த்தது; நிறம் வேற. இந்த வரிசை பழசு."

சிங்கப்பூர்ப் பேராலயத்தின் உட்சுவர்க்குக் கைதிகள் பூசிய சாந்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். சென்னைச் சுண்ணாம்பு என்பது அதன் பெயர். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்து, பூசியபின் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். அவர் முகம் மலர்ந்தது.

"எங்க தாத்தா இப்படித்தான் சொல்லுவாரு. வெல்லம் போட்டு அரைப்பாங்களாம். நான் கதைன்னு நெனச்சேன்."

பிறகு மகனை அழைத்தார். அவன் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தார். "இதைப் பாருடா. இருநூறு வருஷமா நிக்குது. கட்டினவன் கைதியா இருக்கலாம். ஆனா, தொழில் தெரிஞ்சவன். நூல் பிடிச்ச மாதிரி வச்சிருக்கான் பாரு. அப்பா கட்டற சுவரு இத்தனை வருஷம் நிக்குமான்னு எனக்கே தெரியாது."

பையன் சுவரையும் தந்தையையும் மாறி மாறிப் பார்த்தான். தன் குறிப்பேட்டை எடுத்து ஏதோ எழுதினான். படகில் திரும்பும்போது காட்டினான். "இந்தச் சுவரைக் கட்டியவர் பெயர் தெரியாது. என் அப்பா அவருடைய வேலையைப் பாராட்டினார்" என்று இரண்டு வரி. அதன்கீழ் ஆண்டு: 1804.

நம் பழந்தமிழர் போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நட்டனர். அவன் பெயரையும் ஆற்றலையும் பொறித்தனர், பூச்சூட்டி வழிபட்டனர். கடல் கடந்த நம்மவர்க்கு நடுகல் நட ஆள் இல்லை. அந்த இரண்டு வரியை நான் ஒரு நடுகல்லாகவே கருதுகிறேன்.

படகு கரையை நெருங்கியபோது அந்தத் தந்தை சொன்னார்: "எனக்கு இன்னும் முழுசாச் சம்மதம் இல்லை, டீச்சர். ஆனா, அடுத்த மாசம் எங்க போறீங்கன்னு சொல்லுங்க." எனக்கு அதுவே போதும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும்

அன்பார்ந்த ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே! பிள்ளைகளிடம் பெருமையை மட்டும் சொல்லி வளர்த்தால், ஒருநாள் வெளியாள் ஒருவன் வாயிலாகச் சிறுமையைக் கேட்கும்போது அவர்கள் உடைந்துபோவார்கள். அதே செய்தியை நம் வாயால், நம் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சுவரின் முன்னால் நின்று கேட்டால் தாங்கிக்கொள்வார்கள். அப்போது அது சிறுமையாகவும் இராது. இதுவே அந்தத் தந்தைக்கு அன்றிரவு நான் சொல்லத் தெரியாமல் விழித்த பதில்.

இதற்குப் பினாங்கிற்குத்தான் வரவேண்டும் என்பதில்லை. நீங்கள் இருக்கும் ஊரிலேயே ஒரு பழைய இரயில் நிலையம் இருக்கும். செம்பனைக்கு இடம்விட்ட இரப்பர்த் தோட்டத்தின் கோயில் மட்டும் எஞ்சி நிற்கும். ஓர் ஆற்றுப் பாலம் இருக்கும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை போதும். மூன்று கேள்விகளை மட்டும் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். இதை யார் கட்டச் சொன்னார்? யார் கட்டினார்? யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது? முதல் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் பெரும்பாலும் ஒரே விடை வரும். இரண்டாம் கேள்வியில் பிள்ளைகள் நிற்பார்கள். நீங்களும் அங்கே அவர்களோடு நில்லுங்கள்.

அடுத்த சனிக்கிழமை மழை பெய்யாமல் இருந்தால், நாங்கள் மீண்டும் படகேறுவோம்.